ஒற்றைக் கொம்பின் விலை

பிரித்தானியர் இலங்கையை ஆண்ட காலத்து அரசாங்க வர்த்தமானியின் பழைய பிரதி ஒன்று கைக்கு அகப்படுமாயின், அதன் தலைப்பிலுள்ள அரச இலச்சினையைச் சற்று உற்று நோக்குங்கள். கேடயத்தின் ஒரு புறம் சிங்கம். மறு புறம் நெற்றியில் ஒற்றைக் கொம்பு தாங்கிய குதிரை. மாணவர் பலர் கவனியாது விடும் செய்தி ஒன்று அங்கே உண்டு. சிங்கம் கட்டின்றி நிற்கின்றது. குதிரையோ சங்கிலியால் பிணிக்கப்பட்டிருக்கின்றது. உலகில் உள்ள விலங்கை அவிழ்த்து விட்டு இல்லாத விலங்கையன்றோ கட்டி வைத்திருக்கின்றார்கள்!

அக்குதிரை ஸ்கொட்லாந்து மன்னரின் சின்னம். 1603 ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணைக்கும் உரியவனானபோது, அங்கே இலச்சினையில் இருந்த வேல்ஸ் நாட்டுப் பறவை நாகம் விலக, அதனிடத்தை இது பெற்றது. எவ்வேடனாலும் வலிந்து அடக்க முடியாத விலங்கு இது என்பதும், கன்னிப்பெண் ஒருத்தி அமர்ந்திருந்தால் மாத்திரம் தானாக வந்து அவள் மடியில் தலை சாய்க்கும் என்பதும் ஐரோப்பியரின் பழைய நம்பிக்கை.

ஆங்கிலத்தில் யுனிகோண் எனப்படும் இவ்விலங்கைக் கிரேக்கரின் தேவகதைகளிலே தேடினால் காணமாட்டோம். சிறகு முளைத்த குதிரை அங்கே உண்டு, பாதி மனிதனும் பாதி குதிரையுமான பிறவி உண்டு, இது இல்லை. இதனை அவர்கள் வைத்தது விலங்கு நூல்களிலே. கி.மு. 400 அளவில், பாரசீக அரண்மனையில் வைத்தியனாக இருந்த க்தீசியஸ் என்னும் கிரேக்கன் இந்தியாவைப் பற்றி நூலொன்று எழுதினான். இந்தியாவில் அவன் காலடி வைத்தவனல்லன். வந்து போவோர் சொல்லக் கேட்டவன். அங்குள்ள காட்டுக் கழுதைக்கு உடல் வெண்மை, தலை செம்மை, கண் நீலம் என்றும், நெற்றியில் ஒன்றரை முழக் கொம்பு ஒன்று உண்டு என்றும் அவன் வரைந்தான். அதனோடு நிறுத்தினான் அல்லன். அக்கொம்பைக் கிண்ணமாகக் கடைந்து அதிற் பருகுவோரை வலிப்பும் நஞ்சும் அணுகா என்றும் சேர்த்து எழுதினான். இந்த ஒரு வாக்கியமே பின்னர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் விலை போயிற்று.

காண்டாமிருகத்தையும் வேறு விலங்குகளையும் பற்றிய செய்திகள் அவன் காதில் ஒன்றாய்க் கலந்தன போலும். இந்தியாவில் ஒற்றைக் கொம்பு புதுமையன்று. மொகெஞ்சதாரோ முத்திரைகளில் ஏனைய விலங்குகள் யாவற்றினும் மிகுதியாகக் காணப்படுவது ஒற்றைக் கொம்புடைய உருவமே. கம்பன் பாடிய கலைக்கோட்டு முனிவரை நம்மவர் அறிவர். காட்டிலே வளர்ந்த கொம்புடைய அம்முனிவரை நகரத்துப் பெண்கள் மயக்கி அழைத்து வந்த கதைக்கும், கன்னியின் மடியில் தலை சாய்த்த விலங்கின் கதைக்கும் உறவு உண்டென்று கருதும் அறிஞரும் உளர். விவிலியத்திலும் இப்பெயர் புகுந்தது. எபிரேய மூலத்தில் காட்டெருதைக் குறித்ததாகக் கருதப்படும் சொல்லைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ஒற்றைக் கொம்பன் ஆக்கினர். 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் அவ்வாறே கொண்டது. தமிழ் விவிலியத்தார் காண்டாமிருகம் என்று எழுதினர். கண்ணாற் காணக்கூடிய விலங்கையேனும் தேர்ந்தார்களே என்று அவர்களைப் பாராட்டலாம்.

விலங்கை எவரும் பிடித்திலர். கொம்பு மாத்திரம் சந்தைக்கு வந்தது. வெண்மையாய், நீண்டு, திருகலாய் இருந்த அக்கொம்புகள் வடகடலிலிருந்து வந்தவை. நஞ்சுக்கு அஞ்சிய மன்னர் பொன் கொடுத்து வாங்கினர். முதலாம் எலிசபெத் அரசியிடம் இருந்த ஒன்றின் மதிப்புப் பதினாயிரம் பவுணுக்கு மேல் என்பர். பிரெஞ்சு அரண்மனையில் மன்னனின் கிண்ணத்தில் கொம்புத் துண்டைத் தோய்த்த பின்னரே பானம் பரிமாறப்பட்டது.

அந்த அரண்மனையின் சத்திர வைத்தியர் அம்புறுவாஸ் பாரே, 1582 இல் இதனை மறுத்து நூல் வெளியிட்டார். கொம்பு ஊறிய நீரிலே தேரை ஒன்றை விட்டு வைத்தார். நஞ்சுடையதென்று அக்காலத்தார் கருதிய அத்தேரை மூன்று நாளின் பின்னும் துள்ளிக்கொண்டிருந்தது. இவ்வழக்கத்தை ஒழித்துவிடலாகாதா என்று மன்னனின் தலைமை வைத்தியரிடமும் கேட்டார். அவர் மறுமொழிதான் நினைக்கத்தக்கது. தமக்கும் இதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் மன்னர் முதல் மக்கள் வரை எல்லோர் மனத்திலும் வேரூன்றிய எண்ணத்தைத் தம்மால் அகற்ற இயலாது. நன்மை இல்லையேனும், வாங்குவோரின் பணப்பைக்கன்றி வேறு எதற்கும் தீமையில்லை என்றாராம்.

1638 இல் டென்மார்க்கின் ஓலே வோர்ம் என்னும் வைத்தியப் பேராசிரியர் உண்மையைத் தெளிவாக்கினார். மண்டையோடு கூடிய மாதிரியை ஆராய்ந்து, சந்தையில் விலையாவது கொம்பே அன்று, ஆர்க்டிக் கடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கிலத்தின் பல் என்று காட்டினார். மேலுதட்டைத் துளைத்து முன்னோக்கி வளரும் அப்பல் மூன்று மீற்றர் வரையும் நீளக்கூடியது. 2014 இல் வெளியான ஆய்வொன்று, கடல் நீரின் உப்புச் செறிவு மாறுவதை அப்பல் உணர்வதாகக் காட்டியது. கதையினும் உண்மை வியப்பானது.

வோர்ம் வாழ்ந்த நகரம் கொப்பன்ஹேகன். அவர் உண்மையை வெளியிட்டு ஒரு தலைமுறை கழியுமுன், 1662 இல் அதே நகரில் டென்மார்க் மன்னருக்கு அதே பற்களால் சிங்காசனம் ஒன்று செய்யத் தொடங்கினர். 1671 இல் ஐந்தாம் கிறிஸ்தியன் அதிலிருந்து முடிசூட்டு விழாக் கொண்டாடினான். ரோசன்போர்க் மாளிகையில் அதனை இன்றும் காணலாம்.

இக்காலத்தில் விலங்கு முற்றும் விளையாட்டாகிவிட்டது. ஏப்ரில் 9 ஆம் நாளை அதற்குரிய தினமாகக் கொண்டாடுகின்றனர். வானவில் வண்ணப் பிடரியோடு பிள்ளைகளின் புத்தகப் பையிலும் பிறந்தநாட் கேக்கிலும் அது ஏறியிருக்கின்றது. மிச்சிகன் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று 1971 முதல் அதனை வேட்டையாட வேடிக்கையாக அனுமதிச் சீட்டே வழங்கி வந்தது. 2013 முதல் வணிகர், நூறு கோடி டொலர் மதிப்பை எட்டிய புதிய கம்பனிகளுக்கும் அப்பெயரை இட்டிருக்கின்றனர். இவற்றில் எவருக்கும் கேடில்லை.

கொம்பின் கதை வேறு. சுமாத்திராவில் ஒற்றைக் கொம்பனைக் கண்டதாக எழுதிய மாக்கோ போலோ, அது சேற்றில் புரளும் அவலட்சணமான மிருகமென்றும், கன்னியர் மடியை நாடும் இயல்பினதன்று என்றும் மனம் சலித்துக் கூறினார். அவர் கண்டது காண்டாமிருகம். நமது நகமும் மயிரும் எப்பொருளோ, அதுவே அதன் கொம்பும். ஆயினும் அது மருந்தென்னும் எண்ணம் ஆசிய நாடுகள் சிலவற்றில் நீங்கவில்லை. 1977 முதல் சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்டிருந்தும், 2014 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் மாத்திரம் 1,215 காண்டாமிருகங்கள் கள்ள வேட்டைக்கு இரையாயின. வியட்நாமில் எஞ்சியிருந்த கடைசி யாவாக் காண்டாமிருகம் 2010 இல் காட்டிலே இறந்து கிடந்தது. காலிலே துப்பாக்கிக் குண்டு இருந்தது. முகத்தில் கொம்பு இருக்கவில்லை.