கரிச்சானுக்கு விட்ட இடம்

இந்த இதழில் வரும் கோட்டோவியங்கள் எதற்கும் கட்டம் போடவில்லை. கவிதை முடிந்து மீந்த வெள்ளையில் ஒரு பூவையோ இலையையோ ஒட்டி நிரப்பும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். பக்கம் வீணாகிறதே என்று அச்சகத்தில் கேட்டார்கள். அவர்களுக்கான பதில் சீனத்தின் மலர்-பறவை மை ஓவியங்களில் இருக்கிறது.

அந்த மரபில் பறவை எங்கே உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் நடுவில் உட்காராது. தாளின் ஓர் ஓரத்திலிருந்து கொம்பு உள்ளே நீளும். அடிமரம் தாளுக்கு வெளியே நின்றுவிடும். வானம் என்று காட்ட நீலம் பூசுவதில்லை, குளம் என்று காட்ட அலை போடுவதில்லை. பக்கத்தில் எழுதும் கவிதைக்கும் சிவப்பு முத்திரைக்கும்கூட இடம் பார்த்துத்தான் வைப்பார்கள். தூரிகையை நீர்த்த மையில் தோய்த்து, நுனியில் மட்டும் கெட்டி மையைத் தொட்டு, அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தால் ஒரு சிறகு வந்துவிடும். கருமையிலிருந்து சாம்பல்வரை எல்லாம் அந்த ஓர் இழுப்பிலேயே. மரப்பட்டை நாரும் வைக்கோலும் சேர்த்துச் செய்த சுவான் தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. இறகு இறகாக நுணுக்கி வண்ணம் தீட்டும் இன்னொரு வழியும் அங்கே உண்டு. சோங் பேரரசர் ஹுய்சோங் போற்றி வளர்த்தது அது. எங்கள் மனம் போவது மையின் பக்கம்.

அந்த மை ஓவியர்களில் ஒருவர் பாதா ஷான்ரென். 1626இல் பிறந்தவர், மிங் அரச குடும்பத்தவர். 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்து நாடு மஞ்சுக்களின் கைக்குப் போனது. இவர் பௌத்தத் துறவியானார். பல ஆண்டுகள் கழித்து மனம் கலங்கித் துறவையும் விட்டார். பிறகு வரைந்த பறவைகளைப் பாருங்கள். பாறைமேல் ஒற்றைக் கால், உள்ளே இழுத்த கழுத்து, கூனிய முதுகு. கண்மணி மேலேறி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, மீதிக் கண் முழுக்க வெள்ளை. சுற்றிலும் ஒன்றும் இல்லை. நாட்டை இழந்தவனின் கோபமும் தனிமையும் அந்தப் பார்வையில் தெரிகின்றன.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குத் தனிப்பாடம் தேவையில்லை. கருப்பொருள் வரிசையில் புள்ளையும் மரத்தையும் வைத்தது தொல்காப்பியம். நாரையையும் கெண்டையையும் சொல்லித் தலைவன் செய்த தவற்றைச் சொல்லாமல் சொல்கிற உள்ளுறை நம்முடையது. அந்த வித்தை பாட்டோடு நின்று, ஓவியத்துக்கு வராமல் போனதே என்பதுதான் எங்கள் ஆற்றாமை. நம் சுவர்களில் தெய்வங்களும் அரசர்களும் அடியார்களும் நிறைந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சித்தன்னவாசலின் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளம் பெரிய விதிவிலக்கு: மொட்டு, இலை, அன்னம், மீன், யானை, எருமை. ஆனால் அது நிறைத்து வைத்த அழகு. விரல் வைக்க இடமில்லை.

விட்டுவைக்கும் அழகை நமக்குப் பழக்கியவர்களில் ஓவியர் ஆதிமூலம் முதன்மையானவர். 1969இல், காந்தி நூற்றாண்டில், கறுப்புக் கோடுகளாலேயே காந்தியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சிற்றிதழ்ப் பக்கங்களுக்கு அவர் கோடு தந்த கண்ணியம் பெரிது. மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதிய இயற்கைப் பத்திக்குத் தாமே பறவைகளை வரைந்தார். இந்த இருவரையும் சேர்த்துப் படித்த தலைமுறை ஒன்று இங்கே எழுந்திருக்க வேண்டும்; எழவில்லை.

எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பறவைக்கு என்ன குறை? சேர்வராயன் மலையடியில் வாணியாறு அணைப் பக்கம் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். மரவள்ளிக் காட்டை ஒட்டிய மின்கம்பியில் கரிச்சான். மைக்கென்றே பிறந்த பறவை அது: உடம்புக்கு ஓர் இழுப்பு, பிளந்த வாலுக்கு இரண்டு. அது பூச்சியைத் தேடிப் பார்க்கும் பக்கம் தாளை விட்டுவிட்டால் போதும், அடுத்த நொடி பாயப்போவது தெரிந்துவிடும். நம் பிள்ளைகளோ இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை என்று வரைகிறார்கள். ‘வெள்ளை தெரியாமல் கலர் அடி’ என்று சொல்லிக்கொடுத்தது நாம்தான். காலியிடம் விட்ட குழந்தையைச் சோம்பேறி என்கிறோம். இது அநியாயம்.

அடுத்த இதழின் நடுப்பக்கங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு. வெள்ளைத் தாள், கறுப்பு மை, ஒரு பறவை, அது உட்காரும் கொம்போ பூச்செடியோ. காலையில் போய்ப் பொறுமையாகப் பார்க்கட்டும். வீடு திரும்பி நினைவிலிருந்து வரையட்டும். உங்கள் ஊரில் அந்தப் பறவைக்கு வழங்கும் பெயரைப் பிள்ளையே தன் கையால் தாளில் எழுத வேண்டும்; எந்த மூலையில் எழுதுவது என்பதும் பிள்ளையின் முடிவு. பெற்றோரும் ஆசிரியரும் தயவுசெய்து திருத்தாமல் அனுப்புங்கள்.