எரிபொருட் கசிவும் எவரும் ஏற்காப் பொறுப்பும்

காருக்குள் பெற்றோல் மணக்கிறதென்று ஒருவர் முறையிட்டால், யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைக்கும் முதல் மறுமொழி பெரும்பாலும் ஒரு கேள்வியாகவே இருக்கும்: "கடைசியாய் எப்ப சேர்விஸ் செய்தனீங்கள்?" அக்கணமே முறைப்பாட்டாளர் குற்றஞ்சாட்டப்பட்டவராகி விடுகிறார். குழாயைச் செய்தவன், தாங்கியைப் பொருத்தியவன், காரைக் கப்பலேற்றியவன், கொழும்பில் இறக்கி விற்றவன் ஆகிய எவரும் அவ்விசாரணைக்கு அழைக்கப்படுவதில்லை. பழுது வாகனத்தில் இருக்கிறது. பழி மட்டும் அதை ஓட்டுபவன் தலையில் விழுகிறது.

கார் என்பது செல்வர் வீட்டுப் பண்டம், அதன் குறைகளைப் பற்றி அறிவுலகம் ஏன் கவலை கொள்ளவேண்டும் என்று பல்கலைக்கழக வட்டாரத்திற் சிலர் வினவக்கூடும். அவ்வினா அளவெட்டியின் வீதிகளை அறியாதோர் வினா. செம்மண் தோட்டங்களும் கோயில்களும் நாதசுர தவில் மரபும் கொண்ட அவ்வூரில், கார் நெடுங்காலமாகவே ஊர்ப் பொதுச்சொத்தைப் போலப் பயன்பட்டு வந்தது. நள்ளிரவில் நோயாளியைத் தெல்லிப்பழைக்கு ஏற்றிச்செல்வதும், கச்சேரிக்குப் போகும் கலைஞரைத் தவிலோடு கொண்டுசேர்ப்பதும், மணமக்களை அழைத்துவருவதும் ஊரிலுள்ள சில வாடகைக் கார்களே. அத்தகைய காரின் பின்னாசனத்தில் இருப்பவர் அதன் சொந்தக்காரர் அல்லர். தாங்கியில் உள்ள வெடிப்பு அவரைச் சொந்தக்காரர் அல்லரென விலக்கி வைக்கப்போவதுமில்லை.

இப்பழியேற்கும் மனப்பான்மைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்பொழுது ஊர்களைக் காத்தவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய பிரித்தானியக் கார்களே. அமுக்க விகிதம் குறைந்த அவற்றின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபறேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோலுக்கென அமைந்த குழாய்களும் இணைப்புகளும் வேறோர் எண்ணெயைச் சுமந்தன. பெற்றோற் போத்தல் காருக்குள்ளேயே பயணஞ்செய்தது. எஞ்சின் 'பின்னடித்தால்' திறந்த காபறேற்றரின் வாயிலேயே தீ தோன்றும் என்பதை அறிந்துகொண்டே அக்காலத்துச் சாரதிகள் அதைச் செய்தார்கள்.

அந்தத் திறமையை மெச்சுவோர் பலர்; மெச்சத்தக்கதே. ஆயின் மெச்சுவோர் கவனியாத ஒன்றுண்டு. முறையிடுவதற்கு ஆளில்லாத அவ்வாண்டுகளில், எரிபொருளால் வரும் ஆபத்து முழுவதும் தன்னுடையதே என்று கொள்ள வாகனச் சொந்தக்காரன் பழக்கப்பட்டான். ஒழுகினால் சவர்க்காரம் வைத்து அடைப்பான். குழாய் வெடித்தால் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுவான். முற்றுகைக்காலத்தில் அது தற்காப்பு. முற்றுகை நீங்கிய பின்னும் அவ்வழக்கமே எஞ்சியிருப்பது, விற்பவனுக்கு இலவசமாய்க் கிடைத்த கேடயம். "எங்கட ஆக்கள் எதையும் சமாளிப்பினம்" என்னும் பெருமிதத்தில் மறைந்து கிடப்பது, யாரோ ஒருவனுடைய கடன் தள்ளுபடியாகும் கணக்கேயாம்.

பிற நாடுகளில் இக்கடன் எவ்வாறு வசூலிக்கப்பட்டது? போட் நிறுவனத்தின் பின்ரோ கார் பலரும் அறிந்த கதை. அதன் பெற்றோல் தாங்கி பின்னச்சுக்கும் பின் பம்பருக்கும் இடையே இருந்தது. பின்னாலிருந்து மோதப்பட்டால் நசுங்கித் தீப்பற்றும் ஆபத்து அதற்கிருந்தது. 1972 இல் கலிபோர்ணியாவில் நிகழ்ந்த ஒரு விபத்தின் வழக்கில், 1978 இல் யூரர்கள் விதித்த தண்டனை நட்டஈடு 12.5 கோடி டொலர். நீதிபதி அதனை 35 இலட்சமாகக் குறைத்தார். 1981 இல் மேன்முறையீட்டு மன்று அதனை உறுதிசெய்தது. உயிரொன்றுக்கு 2 இலட்சம் டொலர், காரொன்றைத் திருத்த 11 டொலர் என்று கணக்கிட்ட அந்நிறுவனத்தின் ஆவணமும் புகழ்பெற்றது. அவ்வாவணம் பின்ரோவை மட்டும் பற்றியதென்றும், பின்மோதலைப் பற்றியதென்றும் மேடைகளிற் சொல்லப்படுவது தவறு. கார்கள் கவிழும்போது ஏற்படும் கசிவைத் தடுக்க முன்மொழியப்பட்ட விதியை எதிர்ப்பதற்காக, நாட்டின் வாகனங்கள் அனைத்தையும் எண்ணிப் போட்ட கணக்கு அது. இத்திருத்தத்தால் அக்கணக்கின் கொடுமை குறைவதில்லை. ஒரு காருக்கான கணக்கு ஒரு நாட்டுக்கான கணக்காகிறது, அவ்வளவே.

எனினும் பின்ரோவின் பாடம் நிறுவனத்தின் நெஞ்சிரக்கமின்மை அன்று. நெஞ்சிரக்கத்தை நம்பியா கார் வாங்குவது? 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புக்கெனப் பொறுப்பான ஓர் அரச அமைப்பு உண்டாயிற்று. ஊருக்கொன்றாய்ச் சிதறிக்கிடந்த முறைப்பாடுகள் ஓரிடத்திற் சேர வழி பிறந்தது. அரச விசாரணையும் பத்திரிகைகளின் எழுத்தும் ஒருங்கே நெருக்கியமையால் 1978 இல் ஏறக்குறைய 15 இலட்சம் கார்களை அந்நிறுவனம் மீளழைத்தது. தனித்து நின்ற மணம் வெறும் மணமாகவே ஒழியும். ஆயிரம் மணங்கள் ஓரேட்டிற் பதிவானால் அது சான்றாகும்.

அயல்நாடான இந்தியாவிலும் இதனைக் காணலாம். 2010 பெப்ரவரியில் மாருதி சுசூக்கி நிறுவனம் ஏ-ஸ்ரார் கார்களில் ஒரு இலட்சத்தை மீளழைத்து, எரிபொருட் பம்பில் ஒரு சிறு வளையத்தை மாற்றிக்கொடுத்தது. கசிவுக்குக் காரணம் அவ்வளையம். கைவிரலில் அணியும் மோதிரத்தின் விலைகூடப் பெறாத பொருள். அதே ஆண்டில் நானோ கார்கள் சில தீப்பற்றியபோது, ராற்றா நிறுவனம் இலவசமாகப் பாதுகாப்புப் பொருத்துவதாகக் கூறியது. ஆயின் அது மீளழைப்பு அன்று என்பதில் உறுதியாய் நின்றது. ஒரு சொல்லுக்காக ஏன் அத்துணை போராட்டம்? மீளழைப்பு என்றால் குறை செய்தவனுடையது. சலுகை என்றால் பெறுபவன் நன்றியுடையவனாதல் வேண்டும்.

இனி இலங்கைக்கு வருவோம். இன்று குடாநாட்டில் ஓடும் கார்களிற் பெரும்பகுதி யப்பானிற் சில காலம் ஓடியபின் இங்கு இறக்கப்பட்டவை. 2020 முதல் ரொயோற்றா முதலிய நிறுவனங்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கான கார்களை எரிபொருட் பம்பின் குறைக்காக மீளழைத்தன. பம்பினுள் சுழலும் பிளாஸ்ரிக் உறுப்பு எரிபொருளை உறிஞ்சி வீங்கி, பம்பை நிறுத்திவிடும். எஞ்சின் ஓட்டத்திலேயே அணையும். ஏ-9 வீதியில் பின்னால் ஒரு லொறி வரும்போது அப்படி அணைந்தால் என்னவாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. யப்பானில் மீளழைப்பு முறை 1969 இலிருந்தே உண்டு. ஆயின் அங்கு பதிவு நீக்கப்பட்டுக் கப்பலேறிய காரின் புதிய சொந்தக்காரன் அளவெட்டியிலிருப்பதை, கடிதம் அனுப்புவோர் அறியமாட்டார். கார் கடல் கடந்தது. அதன் குறையும் கடந்தது. எச்சரிக்கை மட்டும் கரையில் நின்றுவிட்டது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி மூத்தன. ரப்பர்க் குழாய்களும் அவற்றோடு மூத்தன. ஆண்டுதோறும் நிகழும் புகைச் சோதனையைச் சிலர் சுட்டிக்காட்டுவர். அதன் நோக்கம் காற்றின் தூய்மையேயன்றிக் காரிலிருப்போர் உயிரன்று.

சட்டம் இல்லையா எனின், உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருள் விற்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடவேண்டும். அரிசிக்கும் மாவுக்கும் அது போதிய காலமாகலாம். மூன்றாம் ஆண்டில் வீங்கும் பம்புக்கும் ஐந்தாம் ஆண்டில் வெடிக்கும் குழாய்க்கும் மூன்று மாதம் என்பது, கதவைத் திறந்துவைத்து வீட்டை இடித்துவிட்ட கதை.

இத்தனை வாகனங்களின் சொந்தக்காரரை எங்ஙனம் தேடுவது என்னும் சாட்டு இனிச் செல்லாது. 2022 யூலையில் எரிபொருட் பங்கீட்டுக்காகத் தேசிய எரிபொருள் அட்டை வந்தபோது, வாகன இலக்கம், செசி இலக்கம், தொலைபேசி இலக்கம் யாவும் சில கிழமைகளில் அரசின் கைக்கு வந்தன. பெற்றோலை அளந்து மறுப்பதற்குப் பயன்பட்ட அதே பட்டியல், பெற்றோல் கசியும் காரை எச்சரிக்கப் பயன்படாதா? மீளழைக்கப்பட்ட செசி இலக்கங்களை அதனோடு ஒப்பிட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மேதைகள் வேண்டியதில்லை. வேண்டுவது, இது தன் வேலையென்று ஏற்கும் ஓர் அலுவலகம்.

மணத்தை முறையிட்டவரை முதலில் ஐயுறும் வழக்கத்தின் விலையை அப்பகுதி மக்கள் ஏற்கெனவே ஒருமுறை செலுத்தியுள்ளனர். அயலூரான சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் இருப்பதை முதலில் உணர்ந்தவர்கள் நீரள்ளிய வீட்டார். அறிக்கைக்கு மறு அறிக்கை என்று ஆண்டுகள் கழிந்து, 2019 ஏப்பிரலில் உயர்நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. கருவிக்கு முன்னே மூக்கு அறிந்திருந்தது.

ஊர்க் கராஜ்களில் உள்ளவர்களுக்கு எந்த மாதிரிக் காரில் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்பது மனப்பாடம். அவ்வறிவு அவர்கள் கைகளோடே மறைகிறது. திகதி, செசி இலக்கம், ஓடிய தூரம், கண்ட பழுது என்னும் நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் அளவெட்டியிலிருந்து தொடங்கி வலிகாமத்துக் கராஜ்களில் அக்கொப்பிகளைத் திரட்டி ஒப்புநோக்கினால், அடுத்த முறை "கடைசியாய் எப்ப சேர்விஸ் செய்தனீங்கள்" என்று கேட்பவர் முன் முறைப்பாட்டாளர் வெறுங்கையோடு நிற்கமாட்டார்.