பத்துக்கு ஒன்று

"ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட்டுவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டால் போதும், நம் தேசத்தில் எல்லா வாயும் அடைபட்டுவிடுகிறது. சாலை போடுகிறவர் இதைத்தான் சொல்கிறார். அடுக்குமாடி கட்டுகிறவரும் இதைத்தான் சொல்கிறார். வழக்கு மன்றத்துக்குப் போனால் அரசாங்க வக்கீலும் இதையே சொல்கிறார். கேட்கிறவர்களும், 'பத்து என்பது ஒன்றைவிடப் பெரிதுதானே, நமக்கு லாபம்தானே' என்று தலையை ஆட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. வந்திருந்தால் கதை எழுதிப் பிழைக்க வந்திருக்க மாட்டேன். ஆனாலும் இந்த ஒரு கணக்கை மட்டும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

தெருவில் நிற்கும் ஒரு பெரிய வேப்ப மரம். அடிமரத்தின் குறுக்களவு 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக நடப்போகும் கன்றின் தண்டு 2 சென்டிமீட்டர். தாராளமாகத்தான் சொல்கிறேன், பல இடங்களில் நடுகிற கன்று பென்சில் பருமனைத் தாண்டுவதில்லை. குறுக்களவில் 25 மடங்கு வித்தியாசம். அறுத்த முகத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 625 மடங்கு. ஆகவே பத்துக் கன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாலும், வெட்டிய மரத்தில் அறுபதில் ஒரு பங்குகூடத் தேறாது. என்னிடம் அறுநூறு ரூபாயைப் பறித்துக்கொண்டு பத்து ரூபாயைத் திருப்பித் தருகிறவனை நான் கொடையாளி என்று கொண்டாட வேண்டுமாம்! அந்தப் பத்து ரூபாயும் ரொக்கமாக இல்லை. முப்பது வருஷத்துக்குப் பிந்திய தேதி போட்ட செக்!

அந்தச் செக்காவது மாறுமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. கன்று நடும் விழாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பந்தல் உண்டு, பொன்னாடை உண்டு, பளபளவென்ற புது மண்வெட்டி உண்டு, பூவாளியால் தண்ணீர் தெளிக்கும்போது புகைப்படமும் உண்டு. மறுநாள் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்பதற்கு மட்டும் நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. சித்திரை வெயிலுக்கு முன்னால் ஆடு மேய்ந்துவிட்டால் கன்றுக்கு அது நல்ல சாவு. இல்லாவிட்டால் கருகித்தான் சாக வேண்டும். அடுத்த வருஷம் விழா நடத்துவதற்குப் புதுக் குழிகூடத் தோண்ட வேண்டியதில்லை, பழைய குழியே தயாராக இருக்கிறது.

கன்றை மரமாக்குவது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் கர்நாடகத்தில் ஹுலிகல்லிலிருந்து கூதூர் போகிற சாலையைப் பார்க்க வேண்டும். படிப்பறியாத திம்மக்கா என்ற பெண்மணியும் அவர் கணவரும், தங்களுக்குப் பிள்ளை இல்லை என்று, அந்தச் சாலையோரம் 385 ஆலமரங்களை வளர்த்தார்கள். நட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, வளர்த்தார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து மைல்கணக்கில் நடந்து ஊற்றினார்கள். ஆடு மாடு கடிக்காமல் முள் வேலி கட்டினார்கள். கூலி வேலைக்குப் போகிற இரண்டு பேர் ஆயுளைச் செலவழித்து ஆக்கிய சொத்து அது. 2019-ல் சாலையை அகலப்படுத்தும் திட்டம் அந்த மரங்களுக்கே யமனாக வந்து நின்றது. நூறு வயதைத் தாண்டிய அந்தக் கிழவி முதலமைச்சரிடம் போய் முறையிட்ட பிறகே மாற்று வழி பார்க்க உத்தரவாயிற்று. பத்மஸ்ரீ வாங்கிய ஒரு மனுஷிக்கே இந்தப் பாடு என்றால், பெயர் தெரியாதவன் வீட்டு வாசலில் வளர்த்த பூவரசுக்கு யார் பரிந்து பேசப் போகிறார்கள்?

சரி, வெட்ட வேண்டாம், வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நட்டுவிடலாமே என்று இப்போது ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பிரம்மாண்டமான இயந்திரம் வந்து மரத்தைத் தூக்கி லாரியில் படுக்கவைப்பதைப் பார்த்தால் நமக்கே பெருமையாகக்கூட இருக்கும். 2020-ல் தில்லி அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. பெயர்த்து நட்டவற்றில் நூற்றுக்கு எண்பதாவது ஒரு வருஷம் கழித்து உயிரோடிருக்க வேண்டும் என்று விதியும் செய்தது. 2022-ல் உயர் நீதிமன்றத்தில் அந்த அரசே கொடுத்த கணக்கின்படி, அதற்கு முந்திய சில ஆண்டுகளில் பெயர்த்து நட்டவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் பிழைத்திருந்தது. முதிர்ந்த மரத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. கிளை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அதையும் தாண்டி வேர் ஓடியிருக்கிறது. தூக்குகிறபோது அடியில் ஒரு மண் உருண்டை வருகிறதே, மரத்தின் ஜீவநாடியில் சிறு பகுதிதான் அதற்குள் இருக்கிறது. மிச்சம் பழைய இடத்திலேயே அறுபட்டுக் கிடக்கிறது.

"அப்படியானால் வீடே கட்ட வேண்டாமா? சாலையே போட வேண்டாமா? ஜனங்கள் மரத்தடியிலேயே குடித்தனம் நடத்த வேண்டுமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கட்டத்தான் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் ஊரில், வீடு கட்டாதே என்று சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. சில மரங்கள் போகத்தான் வேண்டியிருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் சண்டையெல்லாம், எந்த மரம் போக வேண்டும் என்பதை எப்போது தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். படம் வரைகிற எஞ்சினீயர் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரைகிறார். மனையோ வெள்ளைத் தாளாக இல்லை. அதில் இருபது மரம் நிற்கிறது. படத்தை முடித்து, அனுமதி வாங்கி, கடன் வாங்கி, ஆளும் வந்த பிறகு, "ஐயோ, தூண் வருகிற இடத்தில் இந்த நாவல் நிற்கிறதே!" என்றால், பாவம், நாவல் நடந்து போகுமா?

முதலிலேயே மரங்களைக் குறித்துக்கொண்டு பிறகு கோடு போட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய மரங்கள் எத்தனையோ! 2018-ல் தில்லியில் சரோஜினி நகர், நௌரோஜி நகர் முதலிய அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதற்காகப் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட மரங்களை வெட்ட ஏற்பாடாயிற்று. ஜனங்கள் தெருவுக்கு வந்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அதற்குப் பிறகே படத்தைத் திருத்தலாமா என்ற யோசனை பிறந்தது. தடை வந்த பின் வருகிற யோசனை அதற்கு முன்னால் ஏன் வரவில்லை? பம்பாய் ஆரேயில் யோசனைக்கே இடம் வைக்கவில்லை. 2019 அக்டோபர் 4-ந் தேதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அன்றிரவே வெளிச்சம் போட்டுக்கொண்டு மெட்ரோ பணிமனைக்காக வெட்ட ஆரம்பித்தார்கள். 7-ந் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது இரண்டாயிரத்துக்கு மேல் சாய்ந்து கிடந்தன. நியாயமான காரியத்துக்கு நடுராத்திரி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மரத்துக்கு விலை போட்டால் மதிப்பு வரும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று 2021-ல், ஒரு மரம் வருஷத்துக்கு 74,500 ரூபாய் பெறும் என்று கணக்குக் கொடுத்தது. 2025-ல் தாஜ்மகால் வட்டாரத்தில் அனுமதியின்றி 454 மரங்களை வெட்டியவருக்கு மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்த அதே நீதிமன்றம், அந்தப் பசுமை திரும்பி வர நூறு வருஷமாவது ஆகும் என்றும் சொல்லிற்று. நல்ல தீர்ப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் மனையின் விலை கோடிக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிற ஊரில் ஒரு லட்சம் என்பது செலவுக் கணக்கில் சிமெண்டு, கம்பி, மணல் என்பதற்குக் கீழே இன்னொரு வரி, அவ்வளவுதான். விலை போட்ட பொருளை வாங்கிவிடலாம் என்றுதானே பணக்காரன் நினைப்பான்?

வெட்டாமல் விட்ட மரத்தின் கதி என்ன என்பதையும் யாரும் விசாரிப்பதில்லை. எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். "இதோ பாருங்கள் ஸார், மரத்தைத் தொடவே இல்லை" என்று கன்ட்ராக்டர் காட்டுவார். வாஸ்தவம்தான், மரத்தைத் தொடவில்லை. அதன் காலடியில் ஜல்லி கொட்டி வைத்தார். லாரியை ஓட்டி மண்ணைக் கல்லாக இறுக்கினார். சிமெண்டு கலந்த தண்ணீரை அங்கேயே ஊற்றினார். சாக்கடைக்கும் கேபிளுக்கும் இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி வேரை அறுத்தார். கடைசியில் அடிமரம் வரைக்கும் சதுரக் கல் பதித்துக் கழுத்தை நெரித்தார். மேல் மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான் பெரும்பாலான வேர் இருக்கிறது. அது காற்றும் நீரும் குடித்துத்தான் பிழைக்கிறது. மரம் உடனே சாகாது. மூன்று வருஷம், ஐந்து வருஷம் பட்டினி கிடந்து நுனியிலிருந்து காயும். அதற்குள் கன்ட்ராக்டர் பில்லை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அல்லது புயல் வரும். 2016 டிசம்பர் 12-ந் தேதி சென்னையில் வார்தா புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. காற்று பயங்கரமானதுதான். ஆனால் காலை வெட்டிவிட்டு, விழுந்துவிட்டானே என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இங்கிலாந்தில் கட்டட வேலைக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: அடிமரத்தின் குறுக்களவு எவ்வளவோ அதைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் வேலி போட்டு, அதற்குள் வண்டியோ பள்ளமோ சாமானோ வராமல் காக்க வேண்டும். நம் 50 சென்டிமீட்டர் வேம்புக்கு அது நாலு பக்கமும் 6 மீட்டர். பிரிஸ்டல் நகரத்தில், போகிற மரம் எவ்வளவு பெரிதோ அதற்குத் தக்கபடி ஈடு வைக்கும் கன்றின் எண்ணிக்கை ஏறுகிறது. கிழட்டு அரசுக்கும் நேற்று முளைத்த சவுக்குக்கும் அங்கே ஒரே விலை இல்லை. சிங்கப்பூரில் காப்பு வட்டாரங்களிலும் காலி மனைகளிலும் ஒரு மீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். வெள்ளைக்காரன் செய்தான் என்பதற்காகச் சொல்லவில்லை. முடியாது என்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் பக்கத்திலும் சட்டம் தெரியாதவர்கள் இல்லை. மகாராஷ்டிரம் 1975-ல், கர்நாடகம் 1976-ல், தில்லி 1994-ல் நகர மரங்களுக்கும் சேர்த்துச் சட்டம் செய்துகொண்டன. தமிழ்நாட்டில் மலைப் பகுதி மரங்களுக்கு 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. அரசு நிலத்து மரங்களுக்காக 2021-ல் பசுமைக் குழுக்கள் அமைந்தன. சமவெளியில் நாலு கிரவுண்டுத் தோப்பை வாங்கி மனை போடுகிறவர் அங்கே நிற்கும் மாமரத்தை யாரைக் கேட்டு வெட்டுகிறார்? அவரவர் வயிற்றெரிச்சலைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தோப்பை மொட்டையடித்த பிறகு அதற்கு 'மாந்தோப்பு அவென்யூ' என்று பெயர் வைக்கிறார்களே, அந்தத் தைரியத்துக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். செத்தவர் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். கொன்றவர்களே வைப்பது புதிது.

ஆனால் கன்ட்ராக்டரையும் சர்க்காரையும் மட்டும் ஏசிக்கொண்டிருந்தால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சௌகரியமாகப் போய்விடும். வாசலில் சருகு விழுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் யார்? காக்கை எச்சமிடுகிறது, கார் அழுக்காகிறது, வேர் வந்து காம்பவுண்டுச் சுவரை முட்டுகிறது என்று மனுக் கொடுக்கிறவர்கள் யார்? ராத்திரியில் அடிமரத்தில் துளை போட்டுத் திராவகத்தையோ பெருங்காயத்தையோ வைத்து அடைத்துவிட்டுக் காலையில், "ஐயோ பாவம், தானாகப் பட்டுப்போச்சு" என்று உச்சுக்கொட்டுகிற புண்ணியவான்கள் எந்தத் தெருவில் இல்லை? புன்னை மரத்தை மகளுக்குத் தங்கை என்று சொன்ன தாய் ஒருத்தி நற்றிணையில் வருகிறாள். அதை மேடையில் எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர் வீட்டு முற்றம் முழுவதும் டைல்ஸ்!

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு காரியம் சொல்கிறேன். மனை விற்கிறவர் வழவழப்பான வர்ணப் படத்தை விரித்து நீச்சல் குளம் எங்கே, உடற்பயிற்சிக் கூடம் எங்கே என்று காட்டுவார். அந்தப் படத்தை மடித்துவிட்டு, நிலத்தை வாங்கியபோது இருந்தபடியே அளந்த படத்தைக் கேளுங்கள். அதில் எத்தனை மரம், என்ன மரம், எவ்வளவு சுற்றளவு என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது எத்தனை நிற்கிறது, எதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது, போனதற்கு ஈடாக எந்தத் தெருவில் எந்தக் கன்று நட்டிருக்கிறது, ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்ற யாரிடம் பணம் கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார்.