அபராதமா, அவகாசமா?

வருஷந்தோறும் ஐப்பசி பிறந்தால் பஞ்சாப், ஹரியானா மாகாணங்களில் நெல் அறுத்த வயல்களில் தீ மூளுகிறது. அப்புகை டில்லி வரையில் பரவுகிறது. குற்றவாளி யாரென்றால், சர்க்கார் குடியானவனைச் சுட்டிக் காட்டுகிறது. 2024 நவம்பரில் அபராதத்தை இரட்டிப்பாக்கி, ஐந்து ஏக்கருக்கு மேல் நிலமுடையவர் 30,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று விதித்தது. இது நியாயமா?

வயலில் நிற்கும் அடித்தாளை மட்கச் செய்யும் வேலையாட்கள் மண்ணிலேயே இருக்கிறார்கள். தாவரத்தின் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கடினமான பொருளுக்கு லிக்னின் என்று பெயர். அது சிதையாதவரை தாள் எளிதில் மட்காது. அதைச் சிதைப்பதில் காளான் இனமே வல்லது. எனினும் பாக்டீரியாக்களுக்கும் அத்திறமை உண்டு. ரோடோகாக்கஸ் என்னும் மண் பாக்டீரியா லிக்னினைச் சிதைக்க உதவும் என்ஸைம் ஒன்றைப் பிரிட்டிஷ், கனடிய விஞ்ஞானிகள் 2011-ல் கண்டறிந்து வெளியிட்டனர். ஆனால் இவ்வுயிர்கள் செய்வது மந்திர வித்தையன்று; அவற்றுக்கு ஈரமும் வேண்டும், நாளும் வேண்டும். டில்லி பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் தயாரித்து, 2020-ல் வயல்களில் தெளிக்கப்பட்ட காளான் கலவைக்கே சுமார் 20 முதல் 25 நாட்கள் பிடிக்கும்.

அந்த அவகாசம் குடியானவனுக்கு எங்கே இருக்கிறது? நிலத்தடி நீரைக் காக்கும்பொருட்டு 2009-ல் பஞ்சாபில் இயற்றப்பட்ட சட்டம், ஜூன் 10-ந் தேதிக்கு முன் நடவு கூடாதென்றது. நோக்கம் நல்லதே. ஆயினும் நடவு பிந்தவே அறுவடையும் பிந்திற்று; கோதுமை விதைப்புக்கு முன் மூன்று வாரம் மிஞ்சுவதே அரிதாயிற்று. நாளைக் குறைத்தது சட்டம், தண்டனை உழவனுக்கு! அவன் வேறு வழியின்றி மூட்டும் தீயோ, மேல்மண்ணில் உழைக்கும் நுண்ணுயிர்களையே மாய்த்து விடுகிறது.

வழி இல்லாமலில்லை. தாள் நிற்கும்போதே கோதுமையை விதைக்கும் 'ஹாப்பி ஸீடர்' இயந்திரம் இருக்கிறது. அதைக் கொண்டு விதைத்தால், பயிர் வளரும் மாதங்களிலெல்லாம் தாள் நிதானமாக மட்கி நிலத்துக்கு எருவாகும். 2018 முதல் சர்க்கார் மானியம் கொடுப்பது மெய்யே. ஆனால் சிறு குடியானவன் மீதி விலைக்கு எங்கே போவான்? கிராமந்தோறும் குறைந்த வாடகைக்கு, விதைக்கும் தருணத்திலேயே இயந்திரம் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை. குறுகிய நாளில் விளையும் நெல் வகைகளையும், குறைந்த நாளில் தாளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் தேடும் ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பொருள் ஒதுக்க வேண்டும்.

தேச நலம் நாடுவோர் சட்டசபைகளிலும் பொதுக்கூட்டங்களிலும் வற்புறுத்த வேண்டியது இதுவே: முதலில் உழவனுக்கு அவகாசமும் கருவியும் கொடுங்கள், அபராதத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.