வரி குறைந்தது, டயர் விலை குறைந்ததா?

2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் டயர்கள் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே மாதம் 3-ந் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவு இது. பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்களுக்கும், கடனில் பழைய கார் வாங்கி விடுமுறை நாளில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஊருக்குப் போய்வரும் குமாஸ்தாக்களுக்கும் இது நல்ல செய்திதான். ஆனால் ஜே.சி. ரோடு கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, இந்தச் சலுகை முழுவதும் வாங்குபவர் கைக்கு வருகிறதா என்பதே கேள்வி.

கணக்கு எளிது. வரி நீங்கலாக ரூ.4,000 விலையுள்ள ஒரு டயருக்கு முன்பு வரி ரூ.1,120, ஆக மொத்தம் ரூ.5,120. புதிய விகிதப்படி வரி ரூ.720, மொத்தம் ரூ.4,720. டயர் ஒன்றுக்கு ரூ.400 வீதம், நான்கு டயர்களுக்கு ரூ.1,600 மிச்சமாக வேண்டும். மிச்சமாகவில்லை என்றால் வரி நீங்கலான விலை ஏறிவிட்டது என்று பொருள். பில்லைப் பார்த்தால்தான் இது தெரியும். பில் வேண்டாம் என்று வாங்குபவருக்கு எதுவும் தெரியாது.

வரிக் குறைப்பின் பலனை வியாபாரியோ கம்பெனியோ தாமே வைத்துக்கொண்டால் முறையிடுவதற்கு ஜி.எஸ்.டி. சட்டத்தில் தனி ஏற்பாடு இருந்தது. அதன் கீழ் புதிய புகார்களைப் பெறுவது 2025 ஏப்ரல் 1-ந் தேதியுடன் நிறுத்தப்பட்டது. வரி குறைந்ததோ அதற்குப் பின்னால். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லலாம் என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

போட்டி எங்கே?

விலை குறைய வரிக் குறைப்பு மட்டும் போதாது; விற்பவர்களிடையே போட்டியும் வேண்டும். நம் நாட்டு டயர் சந்தையின் பெரும்பகுதி சில பெரிய கம்பெனிகளின் கையில் இருக்கிறது. 2011-12-ம் ஆண்டுகளில் ஐந்து டயர் கம்பெனிகள் தங்கள் சங்கத்தின் மூலம் விலை விவரங்களைப் பரிமாறிக்கொண்டு ஒன்றுபட்டு விலையை ஏற்றின என்று இந்தியப் போட்டி ஆணையம் முடிவு செய்தது. மொத்தம் ரூ.1,788 கோடி அபராதம் விதித்த அந்த உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியாயிற்று. கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், விஷயத்தை மறுபரிசீலனை செய்யும்படி ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. 2011-ல் எழுந்த விவகாரம் பத்தாண்டு கடந்தும் முடியவில்லை. அந்த உத்தரவு பேசியதோ கார் கம்பெனிக்குப் போகும் டயரைப் பற்றியல்ல. தேய்ந்த டயருக்குப் பதிலாக நாம் கடையில் வாங்கும் டயரைப் பற்றி.

வெளிநாட்டு டயர்கள் வந்தால் போட்டி வருமே என்று கேட்கலாம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து, லைசென்ஸ் வேண்டும் என்று ஆக்கியது. இதற்கு நியாயம் இல்லாமலில்லை. அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள டயர் ஆலைகளில் வேலை செய்பவர்களும், கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் ரப்பர் பால் எடுத்துப் பிழைப்பவர்களும் நம்மவர்கள்தாம். ஆனால் தொழிலுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் அரசு, விலையைக் கண்காணிக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால் சுமை டிரைவர் தலையில்தான் விழும்.

மலிவின் ஆபத்து

புது டயர் கட்டுப்படியாகாதவர்கள் பழைய டயரைத் தேடிப் போகிறார்கள். மொட்டை டயரில் புதிதாகக் கோடு கீறி, கறுப்பு பூசி விற்பவர்களும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிப்படி கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது. ஆட்டோ, ஸ்கூட்டருக்கு 0.8 மில்லி மீட்டர். பட்டன் இல்லாத டயர் மழைத் தண்ணீரை ஒதுக்க முடியாது. பிரேக் அடித்தாலும் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துக்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். கடைசி நான்கு இலக்கங்கள் 2325 என்றிருந்தால் அது 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. 165/80 ஆர் 14 என்றால் அகலம் 165 மில்லி மீட்டர்; பக்க உயரம் அதில் 80 சதவீதம்; ரிம் 14 அங்குலம். அதன் பின்னால் 85 என்றிருந்தால் அந்த டயர் 515 கிலோ தாங்கும்; 79 என்றால் 437 கிலோதான். விலை குறைவு என்று 85-க்குப் பதில் 79 போட்டால், நான்கு பேரையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிய வண்டி டயரின் சக்திக்கு மேல் ஓடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். 2009-ல் பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி அது கட்டாயம்.

அலாய் வீல் மோகம்

இளைஞர்களிடம் இன்னொரு மோகம்: கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீல் மாட்டுவது. 165/80 ஆர் 14-க்குப் பதில் 185/65 ஆர் 15 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் 620 மில்லி மீட்டரிலிருந்து 622 ஆகிறது, வித்தியாசம் அற்பம். ஆனால் 175/65 ஆர் 14 போட்டால் உயரம் 583 ஆகக் குறைகிறது. சக்கரம் அதிகம் சுற்றும். ஸ்பீடாமீட்டரும் கிலோ மீட்டர் கணக்கும் உண்மைக்கு மேல் காட்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எந்த அளவு வீல் வரை சரி என்பதைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி போக்குவரத்து இலாகா கடைகளில் எழுதி வைக்கச் செய்தால் தெருவில் தகராறு குறையும். கார் கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்துள்ள அளவுகளுக்குள் நிற்பதே வாங்குபவருக்குப் பத்திரம்.

வரியைக் குறைத்த அரசு, அது கடை வரை வந்து சேர்ந்ததா என்று சோதிக்கவும் வேண்டும். அதுவரை நம் கையிலுள்ள ஆயுதம் பில் ஒன்றுதான். வரி நீங்கலான விலை, வரி விகிதம், டயர் செய்த வாரம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.