துரையின் பாக்கியும் தொழிலாளியின் கூலியும்

பெங்களூர் இந்திரா நகர், கோரமங்கலா பக்கம் வெள்ளைக்காரர் காலத்துக் கலப்பு மதுவை மீண்டும் கலந்து கொடுப்பது இப்போது நாகரிகம் ஆகிவிட்டது. ஜின்னில் எலுமிச்சைச் சர்பத் சேர்த்த கிம்லெட், விஸ்கியில் சர்க்கரையும் கசப்புச் சாரமும் சேர்த்த ஓல்டு பேஷன்டு, பஞ்ச் என்று பட்டியல் நீளுகிறது. பல இடங்களில் ஒரு கோப்பை 500 ரூபாயைத் தாண்டும்.

காசுள்ளவர் குடிக்கிறார், தொழிலாளிக்கு அதில் என்ன என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

பஞ்ச் என்ற பெயர், ஐந்து என்று பொருள்படும் ‘பஞ்ச’ என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து சரக்கு. 1600-களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே குடித்துப் பழகி, சீமைக்கும் கொண்டு போனார்கள். துரைமார் கோப்பைக்குப் பாட்டன், ஏழையின் சாராயம்தான்!

1809-ல் பெங்களூர் தண்டு ஏற்பட்டபோது சென்னைப் பட்டாளத்தோடு தமிழர்களும் வந்தார்கள். பட்லராக, சமையல்காரராக, குதிரைக்காரராக உழைத்தார்கள். 1896-ல் இங்கே வந்த சர்ச்சில் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கியை, பெங்களூர் கிளப் இன்றும் பெருமையோடு பதிவேட்டில் காட்டுகிறது. துரைமாருக்குக் கோப்பை ஏந்திய கைகளை யார் நினைக்கிறார்கள்?

ஏழையின் சாராயக் கதையோ கண்ணீர்க் கதை. 1981-ல் பெங்களூரில் விஷச் சாராயம் 300-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2007 ஜூலை 1 முதல் கர்நாடக அரசு சாராயத்துக்குத் தடை விதித்தது. கடை மூடியது; பழக்கம் போகவில்லை. மறு ஆண்டு மே மாதமே பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கள்ளச் சாராயத்துக்கு 150-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மற்றவர்கள் மலிவு விஸ்கிக்கும் பிராந்திக்கும் மாறினார்கள். கூலியில் கூடுதல் பங்கு கடைக்குப் போனது.

சாராயக் கடையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்பதல்ல வாதம். அந்தக் கடையால் தாலி இழந்த பெண்கள் அதை ஒருநாளும் ஏற்கமாட்டார்கள். ஆனால் ஒரே வம்சத்துச் சரக்கு கண்ணாடிக் கோப்பையில் வந்தால் கலாசாரம், பாக்கெட்டில் வந்தால் கேவலம் என்ற இரட்டைக் கணக்கு நியாயமா?

இரண்டு பக்கத்திலிருந்தும் அரசுக்கு வரி வருகிறது. குடியை விட நினைப்பவர்களுக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து அங்கே போய் வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? மது வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, தொழிலாளர் குடியிருப்புகளிலேயே மாலை நேரச் சிகிச்சை நிலையங்களை அரசு திறக்க வேண்டும்.

சர்ச்சில் 13 ரூபாய் பாக்கி வைத்தார். அது வேடிக்கைக் கதையாயிற்று. தொழிலாளி மளிகைக் கடையில் பாக்கி வைத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. சம்பள நாளில் கோப்பையைத் தொடுமுன் தமிழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.