கறுப்புப் பெயிண்ட் அடித்தால் துரு போய்விடுமா?



எப்.சி. தேதி நெருங்கினால் நம் பகுதிப் பட்டறைகளில் ஒரு வேலை மும்முரமாக நடக்கும். லாரியை நிறுத்தித் தண்ணீர் அடிப்பார்கள். காய்ந்தும் காயாமலும் சேஸிஸ் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் பூசுவார்கள். துரு, விரிசல், போன வருடத்து வெல்டிங் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். "வண்டி புதுசாயிட்டுது அண்ணாச்சி" என்பார் மேஸ்திரி. சர்டிபிகேட்டும் கிடைக்கும். அடுத்த வருடம் அதே வண்டி, அதே பட்டறை, இன்னொரு டப்பா பெயிண்ட். இந்தச் செலவைத்தான் பலர் பேரேட்டில் 'வண்டி ரிப்பேர்' என்று எழுதி வருகிறார்கள்.

நான் உப்பும் பலசரக்கும் மொத்த வியாபாரம் செய்கிறவன். தூத்துக்குடி உப்பளங்களில் மூடை ஏற்றி உள்ளூர்க் கிட்டங்கிகளுக்குக் கொண்டு சேர்ப்பதே என் லாரிகளுக்குப் பாதி வேலை. ஆகையால் இரும்பு எப்படிச் சாகிறது என்பதை நாற்பது வருடமாக அருகிலிருந்து பார்த்து வருகிறேன். சுத்திகரிக்காத உப்பில் மக்னீசியக் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைத் தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் அவ்வளவு எளிதில் காயாது. பலகை இடுக்கு வழியாகச் சொட்டி, சேஸிஸ் சட்டத்தின் உட்புறம் சேற்றோடு சேர்ந்து தங்கிவிடும். கருவாடு, ஐஸ் மீன், உரம் ஏற்றுகிற வண்டிகளுக்கும் இதே கதிதான். அரிசி, பருப்பு மட்டும் ஏற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவர்கள் பழைய வண்டி வாங்கும்போது அது முன்பு என்ன சரக்கு ஏற்றியது என்று கேட்பதே இல்லை.

'சேஸிஸ் துருப்பிடித்துவிட்டது, ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா?' என்று சங்கத்தில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர் முதலில் சொல்வது துரு எவ்வளவு என்பதும், பட்டறைக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்பதும்தான். நான் திருப்பிக் கேட்பது, துரு எங்கே இருக்கிறது என்பது.

லாரி சேஸிஸ் என்பது இரண்டு நீளச் சட்டமும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும். பாரம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. கேபினுக்குப் பின்னாலிருந்து பின் அச்சு வரை உள்ள பகுதியில்தான் சட்டம் அதிகமாக வளையப் பார்க்கும். ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் ஹேங்கர் பிராக்கெட் உள்ள இடங்களில் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி நேராக இறங்கும். கடைக்கோடியில், பின் விளக்கு மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டம் அரித்துப் போயிருந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். அதை அறுத்தெடுத்து வேறு போடலாம், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஹேங்கர் பக்கத்தில் கையகலத் துரு இருந்தால் கண்ணுக்கே தெரியாது, ஆபத்து அங்கேதான்.

அதிலும் சட்டத்தின் மேல் இன்னொரு பட்டை வைத்து ரிவிட் அடித்த இடங்களை நன்றாகப் பாருங்கள். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இரண்டு தகட்டுக்கு நடுவில் துரு வளர்ந்தால் தகடுகளைப் பிரித்துத் தள்ளும், ரிவிட்டை இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தகடு லேசாக உப்பியது போலத் தெரியும். அந்த இடத்தில் பெயிண்ட் அடிப்பது புரையோடிய புண்ணுக்குப் பவுடர் போடுவது மாதிரி.

சோதிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வண்டியைக் கழுவிய பிறகு, பெயிண்ட் அடிப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் குழி மேல் நிறுத்துங்கள். சிறு சுத்தியலால் சட்டத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், செத்த இரும்பு சொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். செதிலைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்து, நல்ல இடத்துக் கனத்தையும் அரித்த இடத்துக் கனத்தையும் ஒப்பிடுங்கள். ஹேங்கர் பக்கத்தில் கால் பங்கு கனம் போயிருந்தால் நான் ஒட்டுப்போட ஒப்புவதில்லை. இது என் அளவுகோல். கம்பெனி மெக்கானிக் இன்னும் கண்டிப்பாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். டிரைவர் பேச்சையும் தள்ளாதீர்கள். "ஒரு பக்கமா இழுக்குது", "கேபினுக்கும் பாடிக்கும் இடையில இந்தப் பக்கம் சந்து கூடியிருக்கு" என்று அவர் சொன்னால் அது சம்பளம் கூட்டிக் கேட்பதற்கான முன்னுரை அல்ல.

ரிப்பேர்தான் என்று முடிவானால் அதையும் முறையாகச் செய்ய வேண்டும். நம் பட்டறைகளில் விரிசல் கண்ட இடத்தில் மேலிருந்து கீழாக நேர் கோட்டில் வெல்டிங் இழுத்து, மேலே ஒரு சதுரத் தகட்டை ஒட்டிவிடுவார்கள். ஆறு மாதத்தில் அந்தத் தகட்டு ஓரத்திலேயே புது விரிசல் பிறக்கும். ஒட்டுத்தகடு வைப்பதானால் துருவை முழுவதும் அறுத்தெடுத்துவிட்டு வைக்க வேண்டும். தகட்டின் முனைகள் சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவோ குறுக்கே வெல்டு செய்யவோ கூடாது. சில மாடல்களில் சேஸிஸ் இரும்பு சூட்டுப் பதம் கொடுத்தது. அதில் வெல்டிங் சூடு பட்டால் பதம் போய்விடும், அவற்றைத் தொடவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டியானால், வெல்டிங்கிற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். தவறினால் கம்ப்யூட்டர் பெட்டி போய்விடும், அதன் விலை வெல்டிங் கூலியைப் போலப் பல மடங்கு.

சேஸிஸை மட்டும் மாற்றலாமே என்பார்கள் சிலர். என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, கேபின், பாடி, ஒயரிங் அனைத்தையும் இறக்கி ஏற்ற வேண்டும். வாரக்கணக்கில் வண்டி நின்றால் வாடகை லாரிக்குக் கொடுப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைவிடப் பெரிது சட்டச் சிக்கல். சேஸிஸ் எண்தான் வண்டியின் பிறப்புச் சான்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்காமல் சேஸிஸில் கை வைக்காதீர்கள். காயலாங்கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சேஸிஸ் வாங்கி, தம் எண்ணைக் குத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர் திருட்டு வண்டி வழக்கில் மாட்ட நேரிடும். எண் குத்திய இடமே துருவில் அழிந்துகொண்டிருந்தால் முழுதும் மறைவதற்குள் அலுவலகத்துக்குப் போய் வழி கேளுங்கள். மொத்தத்தில், பழைய வண்டிக்குப் புதுச் சேஸிஸ் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்ஜின் சமீபத்தில் இறக்கிச் செய்யப்பட்டு, பாடியும் புதிதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இனி கணக்கு. உதாரணத்துக்குச் சொல்கிறேன். வருடம் ரூ. 40,000 ஒட்டு வேலைக்கு, பத்து நாள் வண்டி நிற்பதால் வாடகை லாரிக்கு இன்னொரு ரூ. 50,000 என்றால், மூன்று வருடத்தில் ரூ. 2,70,000 போய்விடுகிறது. கடைசியில் கையில் இருப்பது காயலாங்கடைக்குப் போகும் அதே வண்டி. 15 வருடம் கடந்த வண்டிகளுக்கு எப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு ஏறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15 வருடம் ஆனாலே வண்டியைக் கட்டாயம் உடைக்க வேண்டும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் வந்த அந்தக் கட்டாயம் அரசு வண்டிகளுக்குத்தான். நம் மாநிலத்தில் தனியார் வண்டி எப்.சி. பெறுகிற வரை ஓடலாம். தானாகவே உடைக்கக் கொடுப்பவருக்கு, 2021ஆம் ஆண்டுத் திட்டப்படி அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சான்று தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கும்போது சரக்கு வண்டிக்குச் சாலை வரியில் 15 விழுக்காடு வரை மாநில அரசு சலுகை தரலாம்.

சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 விழுக்காடாக இறங்கியிருக்கிறது. வரி வரவு எடுக்கிறவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. காம்பொசிஷனில் உள்ள சில்லறைக் கடைக்காரருக்கு இது முழு மிச்சம். உப்புக்கு வரியே இல்லாததால் உப்பு மட்டும் விற்கிறவருக்கும் வரவு கிடையாது. அவருக்கும் இது மிச்சம்தான். (வரி இல்லாத சரக்கு என்று ஊரார் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு இதைப் பதிலாகச் சொல்கிறேன்.)

இந்தக் கணக்கெல்லாம் பணத்தோடு நிற்கிறது. லாரியில் டிரைவர் போகிறார், கிளீனர் போகிறார், எத்தனை சொன்னாலும் கேட்காமல் மூடை மேல் சுமைத் தொழிலாளர்கள் ஏறிக்கொள்கிறார்கள். சட்டம் முறிவதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது. பாரத்தோடு பிரேக் போடும்போது முறியும். டிரைவருக்கு வண்டி வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. வண்டி ஓடும் தகுதியில் இல்லை என்று சர்வேயர் எழுதிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முகம் மாறிவிடும். இழப்பீட்டுப் பொறுப்போ முதலாளி தலையில்தான்.

நான் இதை எழுதத் தூண்டியது இன்னொன்று. மாற்றுவது என்று தீர்மானித்தவர் பழைய வண்டியை என்ன செய்கிறார்? பெரும்பாலும் உடைக்கக் கொடுப்பதில்லை. அங்கே கிடைப்பது இரும்பு விலை. பெயிண்ட் அடித்து ஓடுகிற வண்டியாக விற்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வாங்குபவர் யார்? நம் கிட்டங்கிக்கு வந்து சரக்கு எடுக்கும் சின்னக் கடைக்காரர். சென்ற வருடம் நம் உறுப்பினர் ஒருவர் இன்னொரு உறுப்பினருக்கு அப்படி ஒரு வண்டியை விற்றார். வாங்கியவர் வீட்டு நகையை அடகு வைத்து வாங்கினார். நாலாம் மாதம் பின் ஹேங்கர் பக்கம் சட்டம் வாயைப் பிளந்தது. பாரம் இல்லாமல் திரும்பும்போது நடந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. வண்டி இப்போது பட்டறை வாசலில் நிற்கிறது, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றவரைக் கேட்டால், 'பார்த்துத்தானே வாங்கினார்' என்கிறார். அவர் பார்த்தது பெயிண்டை.

கலப்பட மிளகாய்த்தூள் விற்றால் சங்கத்தில் கூட்டம் போட்டுக் கண்டிக்கிறோம். எடை குறைத்தால் முகத்தில் விழிப்பதில்லை. வண்டி விற்பனை மட்டும் வியாபார தர்மத்துக்கு வெளியே நிற்பது எந்த நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. 'எல்லாரும் செய்கிறதுதான்' என்பது பதில் ஆகாது.

உறுப்பினர் ஒருவர் இன்னொரு உறுப்பினருக்குச் சரக்கு வண்டி விற்கும்போது, பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே குழியில் நிறுத்தி, வாங்குபவர் அழைத்து வரும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சேஸிஸில் செய்த வெல்டிங் வேலைகளையும் வண்டி ஏற்றிய சரக்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதைச் சங்க விதியாக்கக் கேட்டுச் செயலாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எதிர்ப்பு உள்ளவர்களும் அன்று நேரில் வந்து பேசக் கேட்டுக்கொள்கிறேன்.